இன்று இல்லாத ஆலையின் கார்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாகனப் பொறியாளனாகப் பணியாற்றிய காலத்தில், பக்கத்து வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவருடன் சேர்ந்து, 1969ஆம் ஆண்டு மாடலான டாட்ஜ் சார்ஜர் ஆர்-டி கார் ஒன்றை நான்கு ஆண்டுகள் வார இறுதிகளில் சீரமைத்தேன். பழைய காரை மீட்டெடுப்பது வேறு, அதைப் புதிய காராக ஆக்குவது வேறு என்பதை எனக்கு உணர்த்தியது அந்த வேலைதான். அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

சார்ஜர் ஒரு மசில் கார். நடுத்தர அளவிலான இரண்டு கதவுக் காரில், பெரிய கார்களுக்கென்று செய்த வி8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்றவையே மசில் கார்கள். 1964இல் பாண்டியாக் நிறுவனம் தன் டெம்பெஸ்ட் காரில் 389 கன அங்குல எஞ்சினை வைத்து ஜிடிஓ என்ற பெயரில் விற்றபோது இந்த மோகம் தொடங்கியது. அது பத்தாண்டுகள்கூட நீடிக்கவில்லை. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்குக் கடிவாளம் போட்டது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து மிச்சத்தையும் முடித்துவைத்தது. எங்கள் சார்ஜர் அந்தக் குறுகிய காலத்தின் உச்சத்தில் வந்தது. 440 கன அங்குலம், அதாவது 7.2 லிட்டர் கொள்ளளவுள்ள அதன் எஞ்சினுக்கு 375 குதிரைத்திறன் என்று நிறுவனம் குறித்திருந்தது. துணைக் கருவிகளை மாட்டாமல் எஞ்சினை மட்டும் மேடையில் ஏற்றி அளந்த கணக்கு அது என்பதால், இன்றைய கார்களின் எண்ணோடு அதை அப்படியே ஒப்பிடக் கூடாது.

கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டில் பதித்திருந்த தகட்டில் காரின் அடையாள எண் ‘எக்ஸ்எஸ்29எல்9பி’ என்று தொடங்கியது. எக்ஸ் என்பது சார்ஜரையும், எல் என்பது 440 எஞ்சினையும், 9 என்பது ஆண்டையும் குறிக்கும். பி என்ற கடைசி எழுத்துதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. ஏறக்குறைய முழுவதும் டெட்ராய்ட் நகரால் சூழப்பட்ட ஹாம்ட்ராமிக் என்ற சிறு நகரத்தில், டாட்ஜ் மெயின் என்று அழைக்கப்பட்ட பேராலையின் குறி அது. 1980இல் அந்த ஆலை மூடப்பட்டது, பின்னர் தரைமட்டமாக்கப்பட்டது. 1985இல் அந்த இடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வேறொரு ஆலையைத் திறந்தது. ஆகவே, அந்த ஆலையில் வேலை எப்படி நடந்தது என்பதற்கு எங்கள் கைக்கு எட்டிய சான்று அந்தக் கார் ஒன்றுதான்.

பின் இருக்கையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிய நாளில் அந்தச் சான்று பேசத் தொடங்கியது. சுருள்கம்பிகளுக்கு நடுவே, மடித்த தாள் ஒன்று சிக்கியிருந்தது. ஒரு மூலையை எலி கடித்திருந்தது; இன்னொரு மூலை ஈரம் பட்டுக் கருத்திருந்தது. தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களும், அவற்றுள் எழுத்துகளும் எண்களும் இருந்தன. இந்தக் காரில் எதையெதை மாட்ட வேண்டும் என்று அசெம்பிளி லைனில் நின்றவர்களுக்குச் சொன்ன தாள் அது. இ86 என்பது 440 எஞ்சின். டி32 என்பது ஆட்டோமேட்டிக் கியர். வேலை முடிந்ததும் யாரோ ஒரு தொழிலாளி அதை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த பிறகே அதைத் தொட்டார்.

அந்தத் தொழிலாளிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். 1968 மே மாதம், லைனின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்து டாட்ஜ் மெயினில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியேறினார்கள். அதன் தொடர்ச்சியாகவே அங்கிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1969ஆம் ஆண்டு மாடல் கார்கள் சில மாதங்களிலேயே அதே லைனில் வரத் தொடங்கின. தகடுகள் சேரும் இடங்களில் விரலால் இழுத்துவிட்டதுபோல் கோணலாகப் பூசப்பட்டிருந்த சீலன்ட்டை, அதாவது இடைவெளியை அடைக்கும் பசையை, பார்த்தபோது, அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கார் வந்து நிற்பதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது.

காரின் உடலைச் சீராக்கியதே எல்லாவற்றிலும் பெரிய வேலை. சார்ஜரின் பின்கண்ணாடி உள்வாங்கி அமைந்திருப்பதால், மழைநீர் அதன் கீழ் விளிம்பில் தேங்கி, டிக்கியின் தரைக்குள் இறங்கிவிடுகிறது. மிச்சிகனில் குளிர்காலப் பனியைக் கரைக்கச் சாலையில் கொட்டும் உப்பு, கீழிருந்து அரிக்கிறது. காந்தத்தைத் துணியில் சுற்றிப் பக்கத் தகட்டின்மேல் நகர்த்தினால், முந்தைய உரிமையாளர்கள் துருவை வெட்டி எடுக்காமல் பட்டி பூசி மூடிய இடங்களில் அது ஒட்டாமல் நழுவும். இந்தக் காருக்கு அடியில் தனியான இரும்புச் சட்டகம் (சேஸிஸ்) கிடையாது. தகட்டு உடலே பாரத்தைத் தாங்குகிறது. அதனால் கதவு வாயில்களில் இரும்புக் குழாய்களைக் குறுக்கே வெல்டிங் செய்து, அளவுகளை இரண்டு முறை சரிபார்த்த பிறகே உளுத்த தரையை வெட்டினோம். அவசரப்பட்டு வெட்டியவர்களின் கார்களில் கதவு பிறகு ஒருபோதும் சரியாகச் சேர்வதில்லை.

எஞ்சினில் மாற்றியே ஆக வேண்டியவையும் இருந்தன. அந்தக் காலத்துப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டுவிட்டதால், கடினமாக்கிய வால்வு சீட்டுகளைப் பொருத்தினோம். வால்வுகளைத் திறக்கும் புதிய கேம் ஷாஃப்ட்டுக்காகத் துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயிலை ஊற்றி, முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் இருபது நிமிடம் ஓடவிட்டோம். அந்த இருபது நிமிடமும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று சந்தையில் இந்தக் கார்களுக்குக் கதவு முதல் திருகு வரை புதிதாகச் செய்த பாகங்கள் கிடைக்கின்றன. அவை இல்லாமல் எங்களுக்கும் டிக்கித் தரை கிடைத்திருக்காது. ஆனால் அடிப்பாகம் முழுவதும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கப் பெயின்ட் அடித்து, ஆலை ஒருநாளும் செய்திராத காரைச் செய்துவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் காரின் அடியில் மங்கிய பிரைமரும், ஓரங்களில் சிதறிய உடல் நிறமும் இருந்தன. புதுத் தகடுகளையும் அப்படியே விட்டோம். ‘புல்லிட்’ திரைப்படத்தின் துரத்தல் காட்சியில் ஓடிய 1968 மஸ்டாங் கார் ஒன்று, சீரமைக்கப்படாத பழைய கோலத்திலேயே 2020 ஜனவரியில் 34 இலட்சம் டாலருக்கு ஏலம் போனதை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், மஞ்சள் கிரேயானில் யாரோ எழுதிய குறி ஒன்று இருந்தது. பரிசோதித்தவர் இட்ட குறியாக இருக்கலாம். நான் புகைப்படம்கூட எடுக்காமல், கரைப்பான் நனைத்த துணியால் ஒரே இழுப்பில் அதைத் துடைத்துவிட்டேன். ஐம்பதாண்டு காலம் உப்புக்கும் பனிக்கும் தப்பியது என் கையில் போயிற்று. அதே போன்ற கிரேயானால் மீண்டும் எழுதிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். பலர் அப்படிச் செய்கிறார்கள். பெரியவர் மறுத்துவிட்டார். அந்தத் தகட்டுக்கு மட்டும் நாங்கள் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் நான் துடைத்த இடம் இன்றும் வெறுமையாகத் தெரியும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி, அன்று என் துணி போகாத மூலையில், இன்னொரு மஞ்சள் கோடு அப்படியே இருக்கிறது.

வணக்கம்.