கபீர் விருதா, கோட்டை அமீர் பதக்கமா? உங்க ஊர் ஆளைப் பரிந்துரைக்கிறது எப்படி

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடலாம்.

உங்க ஊர்ல கலவரம் நடந்த ராத்திரியில எதிர்வீட்டுக்காரங்களை உள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திக் காப்பாத்தின ஒருத்தர் இருக்கலாம். இல்லன்னா, வருஷா வருஷம் சாமி ஊர்வலம் பள்ளிவாசல் தெருவுல போறப்போ ரெண்டு பக்கமும் உக்காந்து பேசி, ஒரு கல்லு கூட விழாம கடத்திவிடற ஒருத்தர் இருக்கலாம். ரெண்டு பேருக்குமே தமிழ்நாடு அரசு தர்ற கௌரவம் இருக்கு. ஆனா ரெண்டும் வேற வேற. இதுக்கு உள்ளதை அதுக்கு எழுதி அனுப்பறதுலதான் நிறைய நல்ல பேருங்க வீணாப் போகுது.

முதல் ஆளுக்கு கபீர் புரஸ்கார், அதாவது கபீர் விருது. ஒரு சாதியோ இனமோ வகுப்போ சேர்ந்தவர், இன்னொரு பிரிவைச் சேர்ந்தவங்களையோ அவங்க உடைமையையோ கலவரத்துலயோ தொடர்ந்து நடக்கிற வன்முறையிலயோ காப்பாத்தியிருக்கணும். அது வெளிப்படையாத் தெரியணும். உடம்பாலயும் மனசாலயும் காட்டின துணிச்சலுக்குத்தான் இந்த விருது. மூணு நிலை: 20,000, 10,000, 5,000 ரூபாய். குடியரசு தினத்தன்னிக்கு முதலமைச்சர் கொடுப்பார்.

இங்க ஒண்ணைக் கவனிங்க. சாதின்னு தெளிவா இருக்கு. இந்துக்களும் முஸ்லிம்களும் கொண்டாடற கவிஞர் கபீர் பேரு இருக்கறதால இது இந்து–முஸ்லிம் விஷயத்துக்கு மட்டும்னு நெனச்சுக்கிட்டு, சாதிக் கலவரத்துல சேரி மக்களைத் தன் வீட்டுல வெச்சுக் காப்பாத்தினவங்க பேரை யாரும் அனுப்பறதே இல்ல. தாராளமா அனுப்பலாம்.

ரெண்டாவது ஆளுக்கு கோட்டை அமீர் மத நல்லிணக்கப் பதக்கம். கோட்டை அமீர் கோயம்புத்தூர்க்காரர். மத நல்லிணக்கத்துக்காக வேலை செஞ்சதாலயே உயிரை விட்டவர். பதக்கத்தோட 25,000 ரூபாயும், எதுக்காகக் கொடுக்கறாங்கன்னு சொல்ற தகுதியுரையும் தருவாங்க. இதுவும் ஜனவரி 26தான். இதுக்கு ஒரு ராத்திரித் துணிச்சல் கட்டாயமில்ல, தொடர்ந்து செஞ்ச வேலை கணக்குல வரும். 2024ல இதை வாங்கினவர், ஆல்ட் நியூஸ்ங்கிற செய்தி சரிபார்ப்புத் தளத்தை நடத்தற முகமது சுபைர். வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல தாக்கறாங்கன்னு பரவின வீடியோ பொய்னு எடுத்துக் காட்டினதைச் சொல்லித்தான் கொடுத்தாங்க. அதனால உங்க ஊர் வாட்ஸப் குரூப்ல வர்ற வதந்தியை ஒவ்வொண்ணா சரிபார்த்து நிறுத்தற ஆளும் இந்தக் கணக்குல வருவாங்க. எனக்கு இது ரொம்ப சரியான விரிவுன்னு தோணுது. இப்பல்லாம் கலவரம் தெருவுல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போன்லதான் ஆரம்பிக்குது.

யாருக்குக் கிடையாதுன்னா, ராணுவம், போலீஸ், தீயணைப்பு, மத்த அரசு ஊழியர்கள் தங்களோட வேலையின் பகுதியா செஞ்சது கபீர் விருதுக்குச் செல்லாது. நல்லா வேலை பார்த்த இன்ஸ்பெக்டர் பேரை ஊரே கூடி அனுப்பினாலும் நிக்காது.

எப்போ, எங்க அனுப்பணும்? அவார்ட்ஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன், அதான் அரசோட விருதுகள் தளம். பெரும்பாலும் டிசம்பர் நடுவுல கடைசித் தேதி முடிஞ்சிடும். அறிவிப்பு நாளிதழ்ல ஒரு சின்னக் கட்டமா வரும், பலர் பார்க்கிறதே இல்ல. அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பிச்சா கடிதம் சேகரிக்கவே நேரம் பத்தாது. செப்டம்பர்லயே கோப்பைத் தயார் பண்ணுங்க. தேதியும் படிவமும் மட்டும் அந்த வருஷ அறிவிப்பைப் பார்த்து எடுத்துக்கங்க.

இப்போ முக்கியமான இடம். என்ன எழுதறது?

நம்ம ஆளுங்க எழுதறது இப்படி இருக்கும்: "அன்னார் சாதி மத பேதமின்றி அனைவரையும் அரவணைத்துச் செல்லும் மாண்பாளர்." இதைப் படிச்சா அவர் என்ன செஞ்சார்னு ஒரு வரி தெரியாது. இதே வாக்கியத்தை யாருக்கு வேணா எழுதலாம், கல்யாண மண்டபம் கட்டினவருக்குக் கூட. இப்படி எழுதுங்க: "இரவு 9 மணிக்கு எதிர்வீட்டு ஏழு பேரைத் தன் மாடியில் ஏற்றினார். கும்பல் இரண்டு முறை வந்து கதவைத் தட்டியது. திறக்க மறுத்தார். மறுநாள் அவருடைய கடைக்கண்ணாடியை உடைத்தார்கள்." தேதி, நேரம், தெரு, எத்தனை பேர், என்ன மிரட்டல் இருந்துச்சு, அதுக்கப்புறம் அவருக்கு என்ன நஷ்டம். இவ்வளவும் ஒரு பக்கத்துல அடங்கணும். நஷ்டத்தை எழுத மறந்துடாதீங்க. துணிச்சல்னு நாம சொல்றதுக்குச் சாட்சியே அதுதான்.

கோட்டை அமீர் பதக்கத்துக்கு எழுதறதா இருந்தா வருஷ வாரியா எழுதுங்க. எந்த வருஷம் எந்தப் பிரச்சினை, யார் யாரை உக்கார வெச்சார், என்ன முடிவு, அந்த முடிவு இன்னும் நிக்குதா. கடைசிக் கேள்விதான் கனமானது. சமாதானக் கூட்டம் போட்டு போட்டோ எடுத்துக்கிட்டு, அடுத்த வருஷமே அதே இடத்துல அதே சண்டைன்னா, அந்தக் கூட்டத்தை எழுதாம விடறதே மேல்.

ஆதாரம். எஃப்ஐஆர் இருந்தா நகல் வைங்க. மதக் கலவர வழக்குகள்ல பதட்டமானதுன்னு சொல்லி எஃப்ஐஆரை இணையத்துல ஏத்தாம இருக்கலாம். அப்போ வழக்குல சம்பந்தப்பட்டவர் மூலமா கோர்ட்ல சான்றிட்ட நகல் வாங்கணும், அதுக்கு நாள் பிடிக்கும். பத்திரிகைச் செய்தின்னா துண்டை மட்டும் வெட்டாதீங்க, தேதியும் பதிப்பும் தெரியற மாதிரி முழுப் பக்கத்தையும் படம் எடுங்க.

கடிதங்கள்தான் கோப்போட உயிர். காப்பாத்தப்பட்ட தரப்புலேர்ந்து குறைஞ்சது ரெண்டு கடிதம் வேணும். ஜமாத் தலைவர், பங்குத்தந்தை, கோயில் தர்மகர்த்தா மூணு பேர்கிட்டயும் லெட்டர்ஹெட்ல வாங்கிட்டா போதும்னு நெனைக்கிறாங்க. அவங்க கடிதம் இருக்கட்டும், ஆனா அவங்க அன்னிக்கு அங்க இருந்தாங்களா? அந்த மாடியில ஒளிஞ்சிருந்த பாட்டியம்மா பென்சில்ல எழுதிக் கொடுத்தாலும் அதுக்குத்தான் மதிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னா அவங்க சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதி, படிச்சுக் காட்டி, கைநாட்டு வாங்கி, எழுதினவரும் கையெழுத்துப் போடணும். ஒரே ஆள் டைப் பண்ணி மூணு பேர்கிட்ட கையெழுத்து வாங்கினா, மூணுலயும் ஒரே எழுத்துப் பிழை இருக்கும். படிக்கிறவங்களுக்கு அது போதும், ஓரமா எடுத்து வெச்சுடுவாங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி, சம்மதம். காப்பாத்தப்பட்டவங்க இன்னும் அதே தெருவுல, அடிக்க வந்தவங்க பக்கத்துலயே வாழ்ந்துக்கிட்டு இருக்கலாம். பேர் வெளிய வந்தா பழைய பகை கிளறும். விருது வாங்கப்போறவருக்கும் அதேதான், சொந்த ஆளுங்களே "எதிரிக்கு உதவினவன்"னு பட்டம் கட்டுவாங்க. வேணாம்னு சொன்னா விட்டுடணும். இன்னொண்ணு, கலவரத்தப்போ போலீஸ் மொத்தமா பேரைச் சேர்க்கறப்போ காப்பாத்தினவர் பேரும் ஏதாவது வழக்குல இருக்கலாம். முன்னாடியே கேட்டு, வழக்கு எண்ணும் இப்போதைய நிலையும் கோப்புல நீங்களே எழுதிடுங்க. விசாரணையில அவங்களா கண்டுபிடிச்சா மறைச்ச மாதிரி ஆயிடும்.

ஆளைத் தேர்ந்தெடுக்கறதுல ஜப்பான்ல தர்ற நிவானோ அமைதிப் பரிசைப் பார்க்கலாம். 1983லேர்ந்து கொடுக்கறாங்க, 2 கோடி யென். 125 நாடுகள்ல சுமார் 600 பேர்கிட்டயும் அமைப்புகள்கிட்டயும் பேர் கேப்பாங்க, பல மதத் தலைவர்கள் இருக்கிற குழு முடிவு பண்ணும். ரிஷோ கோசெய் காய்ங்கிற பௌத்த அமைப்பை நிறுவின நிக்கியோ நிவானோ பேர்ல உள்ள பரிசு. ஆனா முதல் பரிசு பிரேசில் நாட்டுக் கத்தோலிக்க ஆயர் எல்டர் கமராவுக்குப் போச்சு. 1992ல இலங்கை சர்வோதய இயக்கத்து ஆரியரத்ன, 1995ல நம்ம கோயம்புத்தூர் டாக்டர் எம். ஆரம். நாகாலாந்துல போர்நிறுத்தம் வந்த காலத்துல அங்க அமைதி மையத்தை நடத்தினவர் அவர். 2023ல பி.வி. ராஜகோபால், நிலமில்லாதவங்களைத் திரட்டி நடைபயணம் போறவர். நிலம் கேட்டு நடந்தவருக்கு அமைதிப் பரிசு எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு, நியாயம் கிடைக்காத இடத்துல சண்டை ஓயாதுங்கறதுதான் பதில். உங்க ஊர்லயும் சுடுகாட்டுப் பாதை வாங்கிக் கொடுத்தவரை, தண்ணிக் குழாயைப் பொதுவாக்கினவரைத் தேடுங்க. மேடையில திருக்குறளும் குரானும் பைபிளும் மேற்கோள் காட்டறவரைத் தேடிப் போகவே வேணாம், அவரே வருவார்.

அரசு விருது ஒருபக்கம் இருக்கட்டும், ஊர்லயே ஒரு பாராட்டு வைக்கறீங்கன்னா சில விஷயம் வேகமா சொல்லிடறேன்.

தேதி: வெள்ளி மதியம், ஞாயிறு காலை வேணாம். ரமலான் மாசம்னா மாலை ஆறு மணிக்கு ஆரம்பிக்காதீங்க, நோன்பு திறக்கிற நேரத்துல பாதி நாற்காலி காலியாயிடும். புனித வாரமும், ஊர்க்கோயில் காப்புக் கட்டின நாட்களும் வேணாம். வெளியில மைக் போட்டா போலீஸ் அனுமதி வாங்கணும், ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரை கூடாது.

குத்துவிளக்கு ஏத்தறதுல சிலருக்குத் தயக்கம் இருக்கும். மேடையில வெச்சுச் சங்கடப்படுத்தறதுக்குப் பதிலா, தமிழ்த்தாய் வாழ்த்தோட ஆரம்பிச்சுடலாம், யாருக்கும் பிரச்சினை இல்ல. பெண்களுக்குப் பொன்னாடையைப் பெண்களே போத்தட்டும், இல்ல கையில கொடுத்துடுங்க. கேடயத்துல ஓம், பிறை, சிலுவை மூணையும் போடற வழக்கம் எனக்குப் பிடிக்காது. ஜைனர், பௌத்தர், அய்யாவழி, சாமி கும்பிடாதவங்க எல்லாம் வெளிய நிப்பாங்க. பேரும் செஞ்ச காரியமும் போட்டா போதும்.

சாப்பாடு சைவம். ஜைனர் வந்தா பூண்டு, வெங்காயம், உருளைக்கிழங்கு இல்லாம தனியா ஒரு சின்னப் பாத்திரம். கேக் வாங்கினா முட்டை, ஜெலட்டின், ரம் எசன்ஸ் மூணும் இல்லன்னு பேக்கரியில கேட்டுக்கங்க.

தகுதியுரை 100 வார்த்தைக்குள்ள. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பேரையும் இனிஷியலையும் அவர்கிட்டயே காட்டிச் சரிபாருங்க. முகமது, முஹம்மது, முகம்மது, இதுல அவர் எப்படி எழுதறார்னு அவருக்குத்தான் தெரியும். காசோலைன்னா பாஸ்புக்ல இருக்கிற பேர்லயே எழுதுங்க. பேச்சுக்கு விருந்தினருக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம், விருது வாங்கறவருக்குப் பதினஞ்சு. வழக்கமா இது தலைகீழா நடக்குது, சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசுவார், வாங்கினவர் நன்றின்னு மட்டும் சொல்லிட்டு இறங்குவார். அதனால அவரை முதல்ல பேச விடுங்க.

அரசுக்கு அனுப்பின கோப்போட ஒரு முழு நகல் அவர் வீட்டுல இருக்கணும், ஸ்கேன் உங்ககிட்ட. இந்த வருஷம் வரலன்னா அறிவிப்பைப் பார்த்துட்டு அடுத்த வருஷம் புதுக் கடிதம் ஒண்ணு சேர்த்துத் திரும்ப அனுப்புங்க. அடுத்த வீடியோவுல அந்த ஒரு பக்க விவரத்தை ஒரு மாதிரி வெச்சு வரி வரியா எழுதிக் காட்டறேன்.