ஃபைரிஷ் மலை வாசலா, பீரங்கி வாயா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சர் ஹெக்டர் மன்றோவின் வாழ்க்கைக்குச் சரியான அடையாளம் எது என்பது தலைப்பு. சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் இருக்கும் தாமஸ் மன்றோ இல்லை இவர். ஸ்காட்லாந்தின் ராஸ் சீமையில் நோவர் பண்ணைக்குச் சொந்தக்காரர், 1726இல் பிறந்தவர்; இந்தியாவில் ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கியவர். அவர் ஃபைரிஷ் மலை உச்சியில் எழுப்பிய கல்வாசல்தான் அடையாளம் என்றார் எதிரணித் தோழி. பீரங்கி வாய் என்கிறது எங்கள் அணி.

தோழி சொன்னது நெஞ்சைத் தொடும் கதைதான். ஊர் வறுமையில் கிடந்தபோது 1782 வாக்கில் வேலையைத் தொடங்கினாராம்; கூலிநாள் கூடட்டும் என்று, மேலே ஏற்றிய கற்களைக் கீழே உருட்டிவிட்டாராம். ஊர் வழக்கு அப்படித்தான் சொல்கிறது. சரி, அது எந்த ஊர் வாசல்? நம் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயல் என்கிறார்கள். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து அவர் பிடித்த ஊர். பசித்தவனுக்குக் கூலி கொடுத்தார், மறுக்கவில்லை. ஆனால் அவன் முதுகில் 453 மீட்டர் மலைக்கு ஏற்றியது தன் வெற்றியை. அதே கூலிக்கு ஒரு பாலம் கட்டியிருக்கலாமே!

இப்போது 1764க்கு வாருங்கள். மன்றோ தலைமை தாங்கிய ஆங்கிலேயரின் வங்காளப் படையில் சிப்பாய்கள் கலகம் செய்தார்கள். தருவதாகச் சொன்ன பணம் வந்து சேராததுதான் மனக்குறை. இருபத்து நான்கு பேருக்கு மரண தண்டனை. பீரங்கி வாயில் கட்டிச் சுடும் தண்டனை. முதலில் சிலரைக் கட்டும்போது கிரனேடியர் என்னும் தேர்ந்தெடுத்த படைப்பிரிவின் வீரர்கள் நான்கு பேர் முன்னே வந்தார்கள். போர்க்களத்தில் எப்போதும் மரியாதைக்குரிய வலப்பக்கம் நின்றவர்கள் நாங்கள், சாவதிலும் எங்களுக்கே முதலிடம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டபடியே கிடைத்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, நடுவர் அவர்களே.

அதே ஆண்டு அக்டோபரில் பக்சார் போர். மன்றோவுக்குப் பெயர் வாங்கித் தந்த போர். ஏழாயிரம் பேர் கொண்ட அவர் படையில் வெள்ளையர் 857 பேர்தான். மற்றவர்கள் யார்? அந்த நால்வரின் தோழர்கள்.

"அந்தக் காலத்துப் படை ஒழுங்கு அது, அவரை மட்டும் குறை சொல்லலாமா?" என்று எதிரணி கேட்கும். 1780இல் பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தபோது, காஞ்சிபுரத்தில் இருந்த இவர் கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கியதை நான் குற்றமாக எடுக்கவில்லை. படைத்தலைவனுக்குத் தோல்வியும் வரும். படையை விட்டுவிட்டு, அவர் சொந்த மண்ணுக்கே போவோம்.

1792. கேலிக் மொழி பேசும் ஸ்காட்லாந்து மலைநாட்டு மக்கள் 'செம்மறி ஆண்டு' என்று பெயரிட்ட ஆண்டு. மன்றோ தன் கில்டெர்மோரி நிலத்தை வெளியூர் ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். பக்கத்து ஸ்ட்ராத்ரஸ்டேல் குடியானவர்களின் மாடுகள் பழக்கப்பட்ட மேய்ச்சலைத் தேடி அங்கே போயின; பட்டியில் அடைக்கப்பட்டன. மாட்டை மீட்டுவந்த மக்கள், ஆடுகளையே சீமையை விட்டு ஓட்டிவிடுவது என்று கிளம்பினார்கள். ஆயிரக்கணக்கான ஆடுகளைத் திரட்டினார்கள். ஒரு உயிரைக்கூட எடுக்கவில்லை. அவர்களை அடக்க ராணுவம் வந்தது. அப்போது மன்றோ இருபத்து நான்கு ஆண்டுகளாக நாடாளுமன்ற உறுப்பினர். படை வருகிறது என்று தெரிந்ததும் மக்கள் மந்தையை விட்டுவிட்டு இருளில் கலைந்தார்கள்.

அந்த மந்தை நின்ற இடம் போத். தோழி சொன்ன கல்வாசலுக்குப் பின்புறம், மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.