எரியாத எல்இடி எல்லாம் செத்த எல்இடி இல்லை

வணக்கம் நேயர்களே. உங்கள் வீட்டுப் பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ எரியாமல் போன எல்இடி பல்பு ஒன்றாவது கிடக்கும். அதைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நான் சொல்வதைக் கேளுங்கள்.

ஹோல்டரிலிருந்து கழற்றிய பல்பில்தான் கை வைக்க வேண்டும். கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம், அதனால் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அப்புறம் வெள்ளை மூடியைத் திறந்து, தகட்டுக்கு வரும் இரண்டு கம்பிகளையும் வெட்டிவிடுங்கள். சாதாரண 9 வாட் பல்பு என்றால் ஒரு அலுமினியத் தகடும் அதன்மேல் மஞ்சள் பொட்டு வைத்தது போன்ற சின்னச் சின்ன சில்லுகளும் தெரியும். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி பெரும்பாலும் அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும், ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. உற்றுப் பாருங்கள், ஏதாவது ஒரு மஞ்சள் பொட்டின் நடுவில் ஊசி முனையால் தொட்டது போல ஒரு கருப்புப் புள்ளி இருக்கும். செத்தது அது ஒன்றுதான், மற்றவை அநேகமாக நன்றாகவே இருக்கும்.

அதை எப்படி உறுதி செய்வது? சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல் ஒன்று போதும். தகட்டில் உள்ள சில்லு என்றால் அதன் இரண்டு முனைகளையும் செல்லின் இரண்டு பக்கங்களோடு கம்பியால் தொடுங்கள், கால் வைத்த பழைய எல்இடி என்றால் அதன் இரண்டு கால்களுக்கு நடுவில் செல்லைச் செருகுங்கள், எரியாவிட்டால் செல்லைத் திருப்பிப் பாருங்கள். கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இங்கே வேண்டாம், இந்தச் செல்லால் அதிகக் கரண்ட் தர முடியாது என்பதே எல்இடிக்குப் பாதுகாப்பு. சிவப்புக்கு 2 வோல்ட் போதும் என்பதால் பளிச்சென்று எரியும். வெள்ளையும் நீலமும் 3 வோல்ட் கேட்பவை, கொஞ்சம் மங்கலாகத்தான் எரியும், அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். செல்லை மட்டும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

கழற்றிய எல்இடியில் கால்கள் சமமாக வெட்டுப்பட்டிருக்கும், நீளக்கால் பிளஸ் என்ற கணக்கு அங்கே உதவாது. விளிம்பை விரலால் தடவினால் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கம்தான் மைனஸ்.

இப்போது முக்கியமான விஷயம். பழைய டிவி ஒன்றிலிருந்து எடுத்த விளக்குப் பட்டைகளை, பட்டன் செல்லில் எரியவில்லை என்று ஒருமுறை தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரே சில்லுக்குள் இரண்டு மூன்று எல்இடிகளைச் சேர்த்து 6 வோல்ட், 9 வோல்ட் என்று செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது, இன்னும் மனசு கேட்கவில்லை. பல்புத் தகடுகளிலும் இப்படிப்பட்டவை நிறைய வரும். அதனால் 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து இன்னொரு முறை பாருங்கள், அதிலும் எரியவில்லை என்றால் இரண்டு பேட்டரிகளைத் தொடராகக் கோத்துப் பாருங்கள். ரெசிஸ்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள், சாதாரண எல்இடி நேரடி 9 வோல்ட்டில் நொடியில் போய்விடும். வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரின் டயோடு நிலையும் நல்லதுதான், ஆனால் விலை குறைந்த மீட்டர்களில் வெள்ளை எல்இடி எரியாமலே போகலாம்.

எரிந்தவற்றிலும் தரம் பிரிக்கலாம். 1 கிலோவுக்குப் பதிலாக 10 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள், நல்ல எல்இடி அந்தத் துளிக் கரண்டிலும் மெல்லிதாக ஒளிரும், உள்ளே கசிவு உள்ளது ஒளிராது. அப்புறம் ஒரே ரெசிஸ்டரில் ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளின்மேல் காட்டினால் எது மஞ்சளடிக்கிறது, எது நீலமடிக்கிறது என்று தெரியும். ஒரே விளக்கில் வைக்க ஒரே நிறத்தவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டிவி ரிமோட்டில் இருந்து எடுத்ததா? அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. செல்லில் செருகி மொபைலின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள், ஊதா கலந்த வெள்ளையாக ஒரு புள்ளி மின்னினால் அதுவும் உயிரோடுதான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.