இடுப்பு வலிக்கு எல்லாம் செஞ்சாச்சு, பிசியோகிட்ட மட்டும் ஏன் போகல?

இடுப்பு வலியே இல்லாத 50 வயசுக்காரங்க 100 பேருக்கு ஸ்கேன் எடுத்தா, எத்தனை பேருக்கு டிஸ்க், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற வட்டு, தேய்ஞ்சிருக்கும்? பத்து? இருபது? எண்பது பேருக்கு! இதுக்குத் திரும்ப வர்றேன், போயிடாதீங்க.

வணக்கம் மக்களே. கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கற எங்க சித்தப்பா பஸ் ஓட்டுறவர். மூணு வருஷமா இடுப்பு வலி. கோயோ, அதான் வலிக்கு ஒட்டற மருந்துப் பட்டை, ஒட்டினார். பிரிக்பீல்ட்ஸ்ல பார்வையற்றவங்க நடத்துற மசாஜ் கடைக்கு மாசாமாசம் போனார். கம்பெனி அனுப்புற பேனல் கிளினிக்ல ஊசி, மாத்திரை, ரெண்டு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. பார்மசியில பெல்ட். இத்தனையிலும் 'பிசியோ', அதாவது உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து உடம்பை இயங்க வைக்கற சிகிச்சை, அந்த வார்த்தை ஒருத்தர் வாயிலயும் வரல. அவரும் கேக்கல. அதெல்லாம் பக்கவாதம் வந்தவங்களுக்குன்னு நினைச்சிருந்தார்.

பின்னணி வேகமா சொல்லிடறேன். 2020-ல உலகத்துல 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி. பத்துல ஒன்பது பேருக்கு இன்னதுதான் காரணம்னு ஒண்ணைக் காட்ட முடியாது.

[திரையில்: முதுகெலும்பு ஸ்கேன் படம்]

இப்போ ஸ்கேனுக்கு வருவோம், எனக்குத் தூக்கம் போன இடம் இது. 2015-ல வெளியான ஆய்வு, வலி இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்துச்சு. 20 வயசுலயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயசுல 96 சதவீதம். திரும்பவும் சொல்றேன், இவங்க யாருக்கும் வலி இல்ல!

பாட்டி வீட்டு அம்மியை நினைச்சுப் பாருங்க. நடுவுல குழிஞ்சிருக்கும். அதுக்காக அம்மி கெட்டுப்போச்சுன்னு யாராவது தூக்கிப் போட்டாங்களா? தீபாவளிக்கு மசாலா அதுலதானே அரைச்சோம்! அம்மியாவது கல்லு. உங்க முதுகு உயிருள்ளது, வேலை கொடுத்தா தசை வலுவாகும்.

ஆனா சித்தப்பா கையில ரிப்போர்ட் வந்ததும் என்ன ஆச்சு? 'தேய்மானம்'னு ஒரு வார்த்தை. அன்னையிலிருந்து குனியறதில்ல, அரிசி மூட்டை தூக்கறதில்ல. "தேஞ்சதை ஆட்டினா இன்னும் தேயும்டா"ன்னு என்கிட்டயே சொன்னார். அசையாம இருந்ததுல தசை இளைச்சுது, வலி கூடிச்சு. என்னைக் கேட்டா, நம்மாளுங்களுக்கும் பிசியோவுக்கும் நடுவுல நிக்கற பெரிய சுவரு இந்தப் பயம்தான்.

மிச்சக் காரணங்களும் உண்மைதான். கூட்டம் நிறைஞ்ச கிளினிக்ல டாக்டருக்குக் கிடைக்கறது சில நிமிஷம், மாத்திரை எழுதறது சுலபம். அரசாங்க ஆஸ்பத்திரி பிசியோவுக்கு டாக்டர் கடிதம் வேணும். தேதி கிடைச்சாலும் வேலை நாள் காலையில, அதுவும் ஒரு தடவையில முடியாது. நாள் கூலிக்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளம் போகும். இதைச் சோம்பேறித்தனம்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபமே வரும்.

மசாஜை நான் குறை சொல்லல. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் மசாஜுக்கு இடம் இருக்கு. பெல்ட்டும், இழுவைச் சிகிச்சையும் வேணாம்னுதான் சொல்றாங்க. மசாஜ் மேசையை விட்டு எழுந்ததும் முடிஞ்சிடும். பிசியோ வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்புவாங்க, உடற்பயிற்சி உங்க கையில இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: ரெண்டு தொடைக்கு நடுவுல மரத்துப் போறது, சிறுநீர் மலம் கட்டுப்படாம போறது, கால் திடீர்னு பலமிழக்கறது இருந்தா பிசியோவுக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்க.

சித்தப்பாவுக்கு இப்போ நாலு மாசமா பிசியோ பயிற்சி. வலி முழுசா போகல. ஆனா பேத்தியைக் குனிஞ்சு தூக்கறார், அதைப் பார்த்து சித்தி அழுதுட்டாங்க.

கிளினிக் கெசிஹாத்தான்ல, அதாவது அரசாங்க சுகாதார கிளினிக்ல, டாக்டரைப் பார்க்க மலேசியர்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். அடுத்த தடவை மாத்திரைச் சீட்டை வாங்கிட்டு எழுந்திரிக்காதீங்க. "டாக்டர், போலே பாகி சூராட் ருஜுக்கான் பிசியோதெராபி?"ன்னு, அதாவது பிசியோவுக்குப் பரிந்துரைக் கடிதம் தர முடியுமான்னு மலாய்ல கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கீழே எழுதுங்க, ஒவ்வொண்ணையும் படிப்பேன்.