389 வெற்றிதானா என்று கேட்டவர்களுக்கு: ஹாஷெக்கும் நான் வாங்கிய பிளாக்கரும்

வணக்கம் மக்களே! ஸ்கேட் தீட்டுவது பற்றி இந்த வாரம் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம், கண்டிப்பாக வரும். இன்றைக்கு வேறு விஷயம். ஒன்று சந்தோஷம், ஒன்று கோபம்.

சந்தோஷம் இதோ என் கையில் இருக்கிறது. பிளாக்கர்! ஐஸ் ஹாக்கி கோலி, அதாவது கோல்கீப்பர், போடும் உபகரணங்களை எத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். கோபத்துக்கு வருகிறேன். போன வீடியோவில் பாட்ரிக் ருவாவைப் பற்றிப் பேசும்போது, எனக்குப் பிடித்த கோலி டொமினிக் ஹாஷெக்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். உடனே வரிசையாக ஒரே கேள்வி. "ஹாஷெக்குக்கு 389 வெற்றிதானே? ருவாவுக்கு 551. ஃப்ளூரிக்கு 575. பிராடருக்கு 691. அப்புறம் எப்படி அவர் உசத்தி?" எல்லாரும் கோலிகள்தான். படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

முதலில் பிளாக்கரைக் காட்டிவிடுகிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. புதிதாக வந்தவர்களுக்காக: ஐஸ் ஹாக்கியில் கோலி ஒரு கையில் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை, பிடிக்கும் கிளவுஸ் போட்டிருப்பார். இன்னொரு கையில் ஸ்டிக் இருக்கும். ஸ்டிக் பிடித்த கையின் புறங்கையில் இப்படி ஒரு செவ்வகப் பலகை. பக் வந்தால் இதில் பட்டுத் தெறிக்க வேண்டும், அதுதான் பிளாக்கர். முன்பக்கம் எல்லாரும் பார்ப்பது. திருப்பிக் காட்டுகிறேன், கேமரா ஃபோகஸ் ஆகட்டும்... இதோ. உள்ளங்கைப் பக்கம் மெல்லிய தோல்தான். ஆள்காட்டி விரல் ஸ்டிக்கின் மேல் நீட்டிக்கொண்டு இருக்கும், அந்த இடம்தான் முதலில் தேயும். இங்கே ஒரு ஓட்டை இருந்தது, விரல் முழுசாக வெளியே வந்துவிடும். மற்ற இடமெல்லாம் வியர்வை உப்பு படிந்து விறைத்துப்போய் இருந்தது.

விற்றவர் 90 டாலர் சொன்னார். உள்ளங்கையைக் காட்டி 65-க்குக் கொண்டுவந்தேன். கழுத்துக் காப்பு ஒன்றையும் சும்மா கொடுத்தார். அதுவரைக்கும் நல்லது. அப்புறம் உள்ளங்கைத் தோலை மாற்றித் தரச் சொல்லி ஒரு கடைக்குப் போனேன். கேட்ட விலை 85 டாலர்! பொருளே 65 டாலர், உள்ளே தைக்கிற தோலுக்கு 85. வரியும் தனி. இரண்டு வாரம் ஆகும் என்றும் சொன்னார்கள். நான் விட்டுவிடுவேனா? தோல் துண்டு வாங்கி, மெழுகு பூசிய நைலான் நூலால் நானே தைத்துவிட்டேன். இந்த ஓரத்தில் தையல் எவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறது பாருங்கள். விரல் பக்கம் இரண்டு அடுக்கு வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி அரீனாவில் முழு ஆட்டமும் தாங்கியது, ஒரு நூல்கூட விடவில்லை. எனக்கு அவ்வளவு பெருமை!

சரி, ஹாஷெக். இந்த உள்ளங்கைத் தோலை அவரைப் போல வேலை வாங்கியவர் யாரும் இல்லை. கோலி என்றால் ஸ்டிக்கை விடக் கூடாது. இது முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லித் தருவது. ஹாஷெக் விட்டுவிடுவார்! பக் கோலுக்கு முன்னால் தத்தளித்துக்கொண்டிருக்கும், நாலு பேர் அதை நோண்டிக்கொண்டிருப்பார்கள். இவர் ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு, பிளாக்கர் போட்ட கையாலேயே பக்கை அள்ளிப் பொத்திக்கொள்வார். பிளாக்கரின் விறைப்பில் விரலை மடக்கிப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. பக் அந்தப் பக்கம் கிடக்கும்போது பிடிக்கும் கிளவுஸை உடம்புக்குக் குறுக்கே கொண்டுவர நேரம் ஏது?

இன்னொன்று, உருளுவார். பக்கவாட்டில் விழுந்து, பாயைச் சுருட்டுவது போல அப்படியே மல்லாந்து உருண்டு, இரண்டு காலையும் மேலே தூக்குவார். எதிராளி காலி கோல் என்று நினைத்து மேலே தூக்கி அடித்த பக் இவருடைய பேடில் வந்து படும். இதைப் பார்த்துத்தான் "அதிர்ஷ்டம்", "ஒழுங்கில்லாத ஆட்டம்" என்கிறார்கள். எனக்குப் பிடிக்காத சொற்கள். முட்டி மடக்கி இறங்கும் பட்டர்ஃபிளை பாணியை நான் எவ்வளவு புகழ்ந்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். ருவா அதில் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் அதிர்ஷ்டம் ஒரு மாதம் வரும், ஒரு சீசன் வரும். வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.-இல் 1993-94 முதல் 1998-99 வரை தொடர்ந்து ஆறு சீசன் தடுப்பு விகிதத்தில் முதலிடம் ஹாஷெக்குக்குத்தான். மொத்த வாழ்க்கைக்கும் கணக்குப் பார்த்தால் ஆயிரம் ஷாட்டுக்கு 922 நிறுத்தியிருக்கிறார். நீண்ட காலம் ஆடிய கோலிகளில் அதற்கு மேலே யாரும் இல்லை. ஆறு வருஷம் தொடர்ந்து வருவதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைப்பது எப்படி நியாயம்?

இப்போது அந்த 389. இதைத்தான் உட்கார்ந்து சொல்ல வேண்டும். ஹாஷெக் 1965-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் பார்டுபிட்செ என்ற ஊரில் பிறந்தவர். 16 வயதிலேயே அந்த ஊர் அணிக்காக முதல் டிவிஷன் ஆடினார். 1983-இல் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அவரை, அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்தது, 199-ஆவது ஆளாக. பனிப்போர்க் காலம், அந்தப் பக்கத்து வீரர் வருவாரா என்றே தெரியாது. கடைசிச் சுற்றுகளில் பெயரை எழுதி வைப்பதோடு சரி. தன்னை எடுத்தார்கள் என்பதே அவருக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் பாட்டுக்கு ஊரில் ஆடி 1987-இலும் 1989-இலும் பார்டுபிட்செவோடு லீக் பட்டம் வாங்கினார். 1989 முடிவில் அங்கே ஆட்சி மாறிய பிறகுதான், 1990-இல் அமெரிக்கா வந்தார். அப்போது அவருக்கு வயது 25. பிராடர் 25 வயதுக்குள்ளேயே நூறு வெற்றியைத் தாண்டிவிட்டார்!

வந்த உடனே இடம் கிடைத்ததா? இல்லை. சிகாகோவில் எட் பெல்ஃபோர் முதல் கோலி. ஹாஷெக்கை இண்டியானாபொலிஸில் இருந்த கீழ் அணிக்கு அனுப்பினார்கள். 1992-இல் பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே போனால் கிராண்ட் ஃபூர் என்ற இன்னொரு கோலி வந்து உட்கார்ந்தார். ஃபூருக்கு 1993-94 சீசனில் அடிபட்ட பிறகுதான் இவருக்கு வழி கிடைத்தது. வயது 28. அந்த சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 1.95 கோல்தான் விட்டார். 1973-74-இல் பெர்னி பேரன்டுக்குப் பிறகு இரண்டுக்குக் கீழே போன முதல் ஆள். பல வருஷம் கையில் கிடைக்காத ஒருவரின் வெற்றி எண்ணிக்கையை, 21 வயதில் முழு சீசன் ஆட ஆரம்பித்தவரின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்ப்பதா?

அதோடு, வெற்றி கோலி மட்டும் வாங்குவதில்லையே. முன்னால் யாராவது கோல் போட வேண்டும். இதற்கு ஒரே ஒரு ஆட்டம் சொல்கிறேன். 1994 ஏப்ரல் 27, பஃபலோ, சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் முதல் சுற்றில் ஆறாவது ஆட்டம். எதிரே நியூ ஜெர்சி டெவில்ஸ், அவர்கள் கோலி யார் தெரியுமா? மார்ட்டின் பிராடரேதான், அவருக்கு அது புதுமுக சீசன். மூன்று பீரியட் முடிந்தது, 0-0. ஓவர்டைம் ஒன்று, இரண்டு, மூன்று, கோல் இல்லை. நான்காவது ஓவர்டைமில் டேவ் ஹானன் அடித்து 1-0. நள்ளிரவு எப்போதோ தாண்டிவிட்டது. அந்த ராத்திரி ஹாஷெக் நிறுத்திய ஷாட் 70. எழுபது! ஒன்றைக்கூட விடவில்லை. வெற்றிப் பட்டியலில் அது வெறும் ஒன்று, மக்களே. அடுத்த ஆட்டத்தில் டெவில்ஸ் 2-1 என்று ஜெயித்துத் தொடரை எடுத்துக்கொண்டது. எனக்கு இன்றும் அது வயிற்றெரிச்சல்தான்.

ஓ, முகமூடியைச் சொல்லாமல் போகிறேனே! மற்ற கோலிகளில் பெரும்பாலோர் முகத்தோடு வார்த்த, படம் வரைந்த மாஸ்க் போட்டபோது இவர் ஹெல்மெட்டும் கம்பி வலையும்தான். தூரத்திலிருந்தே தெரியும். சீரியல் லைட் போல ஜொலிக்கிற மாஸ்க்குகள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அது வேறு வீடியோ.

விருது கேட்பவர்களுக்கு: சிறந்த கோலிக்கான வெஸினா ஆறு முறை. லீக்கின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் டிராஃபி 1997, 1998 இரண்டு வருஷமும். 1962-இல் ஜாக் பிளாண்ட் வாங்கியதற்குப் பிறகு, இவர் வாங்கும்வரை கோலி யாருக்கும் அது கிடைத்ததில்லை. இரண்டு முறை வாங்கிய கோலி இன்றுவரை இவர் ஒருவர்தான்.

இப்போது நாகானோ. 1998 குளிர்கால ஒலிம்பிக்ஸ், என்.ஹெச்.எல். தன் சீசனை நிறுத்திவிட்டு வீரர்களை அனுப்பிய முதல் ஒலிம்பிக்ஸ். கனடா அணியில் ஹாக்கியின் பெரும் நட்சத்திரம் கிரெட்ஸ்கி இருந்தார், கோலில் ருவா. அரையிறுதியில் எதிரே செக் குடியரசு. செக் ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது ட்ரெவர் லிண்டன் சமன் செய்தார். ஓவர்டைமிலும் முடியவில்லை, ஷூட்அவுட். அணிக்கு ஐந்து வாய்ப்பு. கனடாவுக்கு தியோ ஃப்ளூரி, ரே பூர்க், ஜோ நியூவென்டைக், எரிக் லிண்ட்ராஸ், பிரெண்டன் ஷனஹன். இந்த ஃப்ளூரி வேறு, முன்னால் சொன்ன கோலி மார்க்-ஆந்த்ரே வேறு, குழம்ப வேண்டாம். ஐந்து பேரும் வந்தார்கள். ஐந்து பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். செக் பக்கம் ராபர்ட் ரைக்கல் ஒருவர் மட்டும் ருவாவைத் தாண்டினார், அது போதும். கிரெட்ஸ்கியை அனுப்பவே இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். கனடாவில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைப்பார்கள், ஆனால் சொல்லத்தான் வேண்டும். இறுதி ஆட்டத்தில் ரஷ்யா, அதில் 1-0. கோல் போட்டவர் பெட்ர் ஸ்வோபோடா.

ஆறு ஆட்டத்தில் ஆறு கோல்தான் விட்டார் ஹாஷெக். பிராகில் சதுக்கம் நிறைய ஜனம் கூடி, "ஹாஷெக்கைக் கோட்டைக்கு அனுப்பு" என்று கோஷம் போட்டது. அங்கே கோட்டை என்றால் ஜனாதிபதி மாளிகை.

என்.ஹெச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கு வருகிறேன். 1999-இல் பஃபலோவை இறுதிவரை கொண்டுபோனார். ஆறாவது ஆட்டம், மூன்றாவது ஓவர்டைம், டாலஸின் பிரெட் ஹல் கோல் போட்டார். அவருடைய ஸ்கேட் கோலுக்கு முன்னால் கோலி நிற்கும் நீலப் பகுதிக்குள் இருந்தது. அந்தச் சீசனில் பக்குக்கு முன்னால் ஆட்டக்காரரின் கால் உள்ளே இருந்தால் கோல் கிடையாது என்ற விதியைக் கறாராகப் பார்த்தார்கள். இதற்கு மட்டும், பக் அவர் கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். கோப்பை போனது. பஃபலோக்காரர்களிடம் "நோ கோல்" என்று சொல்லிப் பாருங்கள், இன்றும் சண்டைக்கு வருவார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். அன்று டாலஸ் கோலில் நின்றவர் யார் என்று சொல்ல மறந்துவிட்டேன் பாருங்கள்: எட் பெல்ஃபோர்! சிகாகோவில் இவரைப் பெஞ்சில் உட்கார வைத்த அதே பெல்ஃபோர்.

2001-இல் டெட்ராய்ட் போனார். 2002-இல் கோப்பை கிடைத்தது. அந்த பிளேஆஃபில் ஆறு ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை, வயது 37. அப்புறம் ஓய்வு, திரும்ப வந்தார், காயம், ஒட்டாவா, மறுபடி டெட்ராய்ட், 2008-இல் இன்னொரு கோப்பை. அந்த பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே இன்னொரு கோலி கிறிஸ் ஆஸ்குட் இடத்தைப் பிடித்துவிட்டார், அதனால் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகுதான். சொந்த ஊர் பார்டுபிட்செவுக்கே போய், 2010-இல் 45 வயதில் செக் லீக் பட்டம் ஜெயித்தார். அது போதாது என்று மாஸ்கோ ஸ்பார்டக்குக்கு இன்னொரு சீசன் ஆடினார். இதெல்லாம் அந்த 389-இல் சேராது, ஏனென்றால் அது என்.ஹெச்.எல். கணக்கு மட்டும்.

கடைசியாக ஒன்று. 2002-இல் டெட்ராய்ட்டில் ஹாஷெக்கோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கியவர்களில் பிரெட் ஹல்லும் உண்டு. ஆமாம், அந்த ஸ்கேட்டுக்குச் சொந்தக்காரர்தான்! அந்த இரண்டு பேரும் ஒரே டிரெஸ்ஸிங் ரூமில் எப்படி ஒரு சீசன் முழுக்க இருந்தார்கள் என்பதைத் தனி வீடியோவாகப் போடலாமா, இல்லை பெல்ஃபோர் வேண்டுமா, கீழே சொல்லுங்கள். ஸ்கேட் தீட்டும் வீடியோவுக்குப் பிறகு அதைத்தான் எடுப்பேன்.