கொறடா நுழையாத அறை

நண்பர்களே, நாடாளுமன்றம் என்றதும் கூச்சலும் பதாகையும் ஒத்திவைப்பும்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. நான் பேச வந்தது, தொலைக்காட்சி கேமரா நுழையாத ஓர் இடத்தைப் பற்றி: மசோதாக்களை அலசிப் பார்க்கும் உறுப்பினர்களின் நிலைக்குழு.

விலைபோகும் உறுப்பினர்களைத் தடுக்க 1985இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லது. ஆனால் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் ஆணையிடும் கொறடாவின் உத்தரவை அவையில் மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம் என்ற நிலை வந்துவிட்டது. எதிர்வரிசைக்காரர் சொல்வது நியாயமென்று மனம் ஒப்பினாலும் கை உயராது. 1993இல் உருவான துறைவாரி நிலைக்குழுக்களில் கொறடாவுக்கு வேலை இல்லை. அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். பாதிக்கப்படுவோரின் பேச்சைக் கேட்கலாம். இந்தப் பிரிவை நீங்கள் தளர்த்துங்கள், அந்தத் திருத்தத்தை நாங்கள் ஏற்கிறோம் என்று இரு தரப்பும் மனம்விட்டுப் பேச மிஞ்சியிருப்பது அந்த அறை ஒன்றுதான்.

அதைத்தான் பூட்டிக்கொண்டிருக்கிறோம். 15ஆவது மக்களவைக் (2009–14) காலத்தில் பத்து மசோதாக்களில் ஏழு குழுவுக்குப் போயின. 17ஆவது மக்களவையிலோ (2019–24) 16 விழுக்காடுதான். எதிர்க்கட்சிக்கு விட்டுத்தரும் மரபுள்ள மக்களவைத் துணைத் தலைவர் பதவி அந்த ஐந்தாண்டும் காலியாகவே கிடந்தது. 2023 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

வேளாண் சட்டங்களை எண்ணிப் பாருங்கள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், மசோதாக்களை ஆராயத் தேர்வுக்குழுவுக்கு அனுப்புங்கள், வாக்குகளை எண்ணுங்கள் என்று எதிர்க்கட்சிகள் மன்றாடின. அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. குழு அறையில் சில மாதங்கள் நடந்திருக்க வேண்டிய பேச்சு, டெல்லியின் சிங்கு, டிக்ரி எல்லைகளில் பனியிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் நடந்தது. அந்தச் சாலைகளில் விவசாயிகள் செத்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. 2021 நவம்பர் 29 அன்று சட்டங்களைத் திரும்பப் பெற்றபோதும் விவாதம் இல்லை!

பழியை ஆளுங்கட்சி மீது மட்டும் போட மாட்டேன். 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுவதும் முடங்கியது அன்றைய எதிர்க்கட்சிகளின் அமளியால். அன்று முடக்கியவர்கள் இன்று ஆள்கிறார்கள். அன்று ஆண்டவர்கள் இன்று கோஷமிடுகிறார்கள்.

பிரிட்டன் மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் இரண்டாம் வாசிப்புக்குப் பின் தாமாகவே குழுவுக்குப் போகின்றன. இங்கே அது அவைத் தலைவரின் விருப்பம். அந்த விருப்பத்தை விதியாக்க வேண்டும் என்று கேட்போம். உங்கள் தொகுதி உறுப்பினர் ஊருக்கு வரும்போது, எந்தக் குழுவில் இருக்கிறீர்கள், எத்தனை கூட்டங்களுக்குப் போனீர்கள் என்றும் கேளுங்கள்.