கொடுத்ததா, எடுத்ததா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பிலிப்பைன்ஸ் விடுதலை அமெரிக்கா கொடுத்ததா, பிலிப்பினோ மக்கள் எடுத்ததா என்பது தலைப்பு. எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். பள்ளிக்கூடம் கட்டினார்களாம், 1934-இல் விடுதலைக்குச் சட்டம் போட்டார்களாம், சொன்ன சொல் தவறாமல் 1946 ஜூலை 4 அன்று தங்கள் கொடியை இறக்கினார்களாம். அத்தனையும் உண்மை. கதையை நடுவிலிருந்து தொடங்கினார் என்பதுதான் என் புகார்.

ஆந்திரேஸ் போனிபாசியோ மணிலாவின் தொண்டோ பகுதியில் பிறந்தவர், கிடங்கில் வேலை பார்த்தவர். 1892-இல் அவர் தொடங்கிய ரகசியச் சங்கம்தான் கத்திபுனான். நான்கே ஆண்டுகளில், அப்போது நாட்டை ஆண்ட ஸ்பானிய அரசுக்குத் துப்புக் கிடைத்துவிட்டது. 1896 ஆகஸ்டில் சங்கத்தார் மணிலாவுக்கு வெளியே கூடினார்கள். ஒவ்வொருவரிடமும் 'செதுலா' என்றொரு சீட்டு இருந்தது. வரி கட்டிய ரசீதும் அதுதான், அடையாளச் சீட்டும் அதுதான். அதை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டார்கள். இனிப் பழைய வாழ்க்கைக்குத் திரும்ப வழியில்லை என்று தெரிந்தே கிழித்தார்கள். அந்தப் போனிபாசியோவை மறு ஆண்டே சொந்தப் புரட்சிக்காரர்கள் கொன்றார்களே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். கொன்றார்கள், அது களங்கம்தான். அதனால் கிழிந்த சீட்டு ஒட்டிக்கொண்டுவிடவில்லை ஐயா!

1898 ஜூன் 12. காவித் ஊரில், புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் வீட்டில் விடுதலை அறிவிக்கப்பட்டது. மணிலா மதிலுக்குள் முடங்கிக் கிடந்தது ஸ்பானியப் படை. தரை வழியே அதைச் சுற்றி வளைத்து நின்றவர்கள் பிலிப்பினோக்கள். தோல்வி உறுதி. ஆனால் யாரிடம் தோற்பது? முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கள் அடக்கி ஆண்ட மக்களிடமே கைகட்டி நிற்பதா? அப்போது ஸ்பெயினோடு போரில் இருந்த அமெரிக்கர்களோடு, பெல்ஜியத் தூதர் ஒருவர் நடுவே நின்று பேசி முடித்தார். இவர்கள் கொஞ்சம் சுட வேண்டியது, அவர்கள் கொஞ்சம் சுட வேண்டியது, பிறகு வெள்ளைக் கொடி. பிலிப்பினோ படை மட்டும் நகருக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகஸ்ட் 13 அன்று நாடகம் அரங்கேறியது. ஒத்திகை போதவில்லையோ என்னவோ, சிலர் நிஜமாகவே செத்தும் போனார்கள்.

டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம். 2 கோடி டாலருக்கு அந்தத் தீவுகளை ஸ்பெயின் கைமாற்றிவிட்டது. அகினால்டோவின் தூதர் பெலிப்பே அகோன்சில்யோவைப் பேச்சுவார்த்தைக்குள்ளேயே விடவில்லை. வீட்டுக்காரன் வாசலில் நிற்க, காலி செய்யும் வாடகைக்காரன் வீட்டைக் கிரயம் செய்து கொடுத்த கதை!

பிலிப்பினோக்கள் மலோலோஸ் நகரில் அரசமைப்புச் சட்டம் எழுதி, 1899 ஜனவரியில் குடியரசு நிறுவினார்கள். பிப்ரவரியில் அமெரிக்கா போர் தொடுத்தது. அந்தப் போரிலும், அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் செத்த பொதுமக்கள் மட்டும் 2 லட்சத்துக்குக் குறையாது என்பது பரவலான மதிப்பீடு. 1907-இல் பிலிப்பினோ கொடியைப் பறக்கவிடுவதே குற்றம் என்று சட்டம் வந்தது, 1919 வரை நீடித்தது. எதிரணியின் கொடைவள்ளல் இவர்தான்.

சரி, 1934-இல் மனம் மாறியதா? பொருளாதார மந்தக் காலம் அது. பிலிப்பைன்ஸ் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் உள்ளே வரக் கூடாது என்று அமெரிக்க விவசாயச் சங்கங்கள் நெருக்கின. கூலிக்கு ஆளும் வரக் கூடாது என்றன தொழிற்சங்கங்கள். அதே சட்டத்தில் பிலிப்பினோ குடியேற்றம் ஆண்டுக்கு 50 பேர் என்று சுருக்கப்பட்டது. கேசோன் போன்ற பிலிப்பினோ தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் வாஷிங்டனுக்கு நடையாய் நடந்து கேட்டதையும் எதிரணி சொல்லவில்லை.

1946-இல் கொடுத்த இலட்சணத்தையும் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் மணிலா இடிந்து கிடக்கிறது. 500 டாலருக்கு மேல் இழப்பீடு வேண்டுமா? முதலில் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்றார்கள். நாட்டின் இயற்கை வளத்தில் அமெரிக்கர்களுக்கும் சம உரிமை என்பது அதன் ஷரத்து. அதற்காகப் பிலிப்பைன்ஸ் தன் அரசமைப்பையே திருத்த வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ராணுவத் தளங்களுக்கு 99 ஆண்டு குத்தகை. பின்னர் காலம் சுருக்கப்பட்ட அந்தக் குத்தகையை நீட்டிக்க முடியாது என்று 1991-இல் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற வாக்கில் தீர்மானித்தது.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்முன் ஒன்று. 1962-இல் அதிபர் தியோஸ்தாதோ மகபகல் சுதந்திர தினத்தை ஜூலை 4-இலிருந்து ஜூன் 12-க்கு மாற்றினார். இன்றும் அதுதான் சுதந்திர தினம். ஆட்சேபணை இருந்தால், எதிரணியினர் மணிலாவுக்குத்தான் எழுத வேண்டும்.